எட்டு நாள் அழைத்தல் தியானம்: சேருமுன் பார்க்க வேண்டியவை

துறவறமா, இல்லறமா, குருத்துவமா என்று தெளிவு தேடுபவர்களுக்குத் தியான இல்லங்கள் நடத்தும் எட்டு நாள் மௌனத் தியானம், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளின் சுருக்கம். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த மூலப் பயிற்சிக்கு ஏறக்குறைய முப்பது நாள் ஆகும். ஆகவே இந்த எட்டு நாளில் எதை விடுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நாளுக்கு நான்கைந்து மணி நேரத் தனிச்செபம், ஒவ்வொன்றும் முடிந்ததும் கால்மணி நேரம் மனதில் நடந்ததைக் குறித்துக்கொள்வது, தினமும் ஆன்ம வழிகாட்டியோடு தனிச் சந்திப்பு: இவைதான் உயிர். அந்தக் கால்மணி நேரத்தைத் தவிர்த்தால், வழிகாட்டியிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. உரைகளால் நாளை நிரப்பும் இல்லங்களும் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் தேர்ந்து தெளிய நேரம் மிஞ்சாது. பதிவு செய்யும்போதே, "ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?" என்று கேட்டுவிடுங்கள்.

இதில் மிகச் சிறந்த பகுதி நான்கு பட்டியல்கள். மனம் அமைதியாக இருக்கும் வேளையில், ஒரு வாழ்வுநிலையை ஏற்றால் வரும் நன்மை, தீமை, ஏற்காவிட்டால் வரும் நன்மை, தீமை என்று எழுதுகிறோம். பலர் வரிகளை எண்ணி, அதிகமுள்ள பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அது தவறு. இறைவனுக்கு ஊழியம் செய்ய எந்தக் காரணம் கனமானது என்று நிறுக்க வேண்டும். ஒரே வரி பத்து வரிகளை வெல்லலாம். இப்படி எடைபோட்டு எடுத்த முடிவை இறைவன் முன் வைத்து, உறுதி தரும்படி மன்றாட வேண்டும். சுருக்கத் தியானங்களில் பெரும்பாலும் அவசரத்தில் நழுவுவது இந்தக் கடைசிப் படிதான். ஆன்ம வறட்சியில், அதாவது செபத்தில் ஆறுதலின்றி மனம் சோர்ந்து இருக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்ற விதியையும் முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

வழிகாட்டியின் தரத்தை அறிய ஒரு சோதனை போதும்: அவர் எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. படைத்தவரே ஆன்மாவோடு நேரடியாகச் செயல்படட்டும், வழிகாட்டி தராசின் முள்போல நடுவில் நிற்கட்டும் என்பது இஞ்ஞாசியாரின் கட்டளை. துறவற சபைகளின் துண்டுப்பிரசுரங்கள் மட்டும் மேசையில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். தூயவராகும் அழைப்பு எல்லா நிலையினருக்கும் உரியது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மணமானவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் திருமணத்தை மறுபரிசீலனை செய்ய அல்ல. அந்த வாழ்வைச் செம்மைப்படுத்த.

நிறைவு நாளில் உருக்கமான பாடலுக்குப் பின் சேர்க்கைப் படிவம் நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். ஆர்வம் பொங்கும்போது வாக்குறுதி தரவேண்டாம் என்று பயிற்சியே எச்சரிக்கிறது. திருச்சபைச் சட்டமும் நவதுறவு என்னும் தொடக்கப் பயிற்சிக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதம், அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு என்னும் துறவற வாக்குறுதிக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்கிறது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.