முன்னங்கால் இழந்த நாய்க்குக் கைப்பிடி ஹார்னெஸ்: 16 மாத அனுபவம்

சென்ற வாரம் காலை நடைக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, என் நாய் செவலையின் ஹார்னெஸில், அதாவது உடலில் மாட்டும் பட்டையில், கைப்பிடியின் ஒரு முனைத் தையல் விட்டுப்போனது. முதல் மாடிக்கும் தரைத் தளத்துக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற சமதளத்தில் நாங்கள் நின்றிருந்ததால் விபரீதம் எதுவும் நேரவில்லை. இரண்டு படி தள்ளி அது விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் அதைத் தைத்து வாங்கி வந்த கையோடு, அலுவலக நண்பர் ஒருவர் தம் நாய்க்கு அடுத்த வாரம் பின்னங்காலை எடுக்கப் போவதாகவும், மாடி வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் கேட்டார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால், இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று முழுமையாகவே எழுதுகிறேன்.

செவலை சிப்பிப்பாறைக் கலப்பு, ஆண், அப்போது வயது நான்கு. 2023 செப்டம்பரில் ஓர் இருசக்கர வாகனம் மோதி இடது முன்னங்கால் உடலிலிருந்து வெளிப்பக்கமாக இழுபட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் அந்தக் காலுக்குச் செல்லும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிட்டன. அப்படிப் பிய்ந்த நரம்புகள் மறுபடி ஒட்டுவதில்லை. உணர்ச்சியற்ற பாதத்தைத் தரையில் இழுத்து இழுத்து அவன் நடந்ததில் மேல்தோல் தேய்ந்து புண்ணாகி, அது ஆறாமல் போனதால் நவம்பரில் காலை எடுத்தார்கள். எடுத்தபோது தோள்பட்டை எலும்பையும் சேர்த்தே எடுத்தார்கள். அதை விட்டுவைத்தால் சுற்றியுள்ள தசை சுருங்கி எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த விவரத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் நான் பின்னால் சொல்லப்போகும் குறை முழுவதும் அந்த இல்லாத எலும்பிலிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. மாடிக்குப் பதினெட்டாக முப்பத்தாறு மொசைக் படிகள், ஒவ்வொன்றும் ஏழு அங்குல உயரம். தையல் பிரித்து, புண் முழுவதும் ஆறும்வரை நான்கைந்து வாரங்களுக்கு, ஒரு கையை மார்புக்கு முன்னாலும் மறு கையைப் பின்தொடைகளுக்குப் பின்னாலும் கொடுத்து அவனைத் தூக்கிக்கொண்டுதான் ஏறி இறங்கினேன். அவன் எடை பத்தொன்பது கிலோ. நாளுக்கு மூன்று முறை. நான் ஊரில் இல்லாத நாட்களில் அம்மாவால் அது முடியாது என்பதால் மொட்டை மாடிக் கதவருகே மணல் தொட்டி வைத்துச் சமாளித்தோம். 2024 ஜனவரியில் இந்த ஹார்னெஸை வாங்கினேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கால் இழந்த நாய்களுக்கும் முதிய நாய்களுக்கும் ஏற்றது என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருந்த, மார்பையும் முதுகையும் தழுவும், மேலே கைப்பிடியுள்ள வகை அது.

நாய் தன் எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. ஆனாலும் முன்னங்கால் போன நாய்க்குப் படி ஏறுவது பெரிய சிக்கலே இல்லை, பின்னங்கால்கள் இரண்டும் உந்தித் தள்ள, இருக்கும் ஒரு கால் அடுத்த படியைப் பிடித்துக்கொள்ளும். செவலை ஏறுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான். இறங்குவதுதான் வேறு கதை. உடல் முன்னோக்கிச் சாயும்போது மொத்தப் பாரமும் அந்த ஒற்றைக் காலின் மணிக்கட்டில் வந்து இறங்குகிறது, ஒவ்வொரு படியிலும் வேகம் கூடுகிறது, ஐந்தாம் ஆறாம் படியில் அவன் இறங்குவதில்லை, விழுந்துகொண்டிருக்கிறான். ஒருமுறை அப்படித் தாடை படியில் மோதி உதடு கிழிந்தது. பின்னங்கால் போன நாய்க்கு இது தலைகீழாக இருக்கும், இறங்குவது எளிது, ஏறுவது கடினம்.

இந்த இடத்தில் ஹார்னெஸ் செய்த உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கைப்பிடியால் நாயைத் தூக்க வேண்டும் என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன், அது தவறு. தூக்கினால் கால் படியில் படாமல் அந்தரத்தில் தடுமாறுகிறது. கைப்பிடி லேசாக விறைத்திருக்கும்படி பிடித்து, கூடுகிற வேகத்தை மட்டும் கழித்துக்கொண்டே வந்தால் போதும், மற்றதை அவனே செய்துகொள்கிறான். கடைசி ஒரு படியில் மட்டும் இறங்கப் பழக்கி, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று கூட்டி, மூன்று வாரத்தில் முப்பத்தாறு படிகளையும் இறங்கினோம்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது. அவன் இப்போது படியின் தலைப்பில் வந்து பக்கவாட்டில் நின்றுகொள்கிறான். நான் கைப்பிடியைத் தொட்டால் அசைவதில்லை, அது விறைப்பதை முதுகில் உணர்ந்த பிறகே முதல் அடியை வைக்கிறான். அவன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது எனக்கும் அந்தக் கைப்பிடி வழியாகவே தெரிகிறது. காலையில் கை வெறுமனே கூடப் போகும், இரவு நடையில் இரண்டு மூன்று கிலோ கூடுதலாக விழும். சென்ற கோடையில் ஒரு நாள் காலையிலேயே கை கனத்தது. அன்றே மருத்துவரிடம் காட்டியபோது வலது மணிக்கட்டில் வீக்கம் தொடங்கியிருந்தது. நொண்டுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. ஒற்றை முன்னங்கால் காலம் முழுவதும் கூடுதல் சுமையைச் சுமப்பதால் அந்த மணிக்கட்டு பின்னோக்கி மடங்கத் தொடங்கும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆகவே இதை நான் பெரிய பேறாகவே கருதுகிறேன்.

இனி குறைக்கு வருகிறேன். பதினாறு மாதங்களில் இந்த ஹார்னெஸ் முதுகின் நடுவே நின்று ஒரு நாளும் கீழே வந்து சேர்ந்ததில்லை. நான் அதைச் சாக்கட்டியால் அளந்தும் பார்த்தேன். முதுகெலும்பின் மேல் மயிரில் ஒரு கோடு இழுத்து, கைப்பிடியின் நடுவை அந்தக் கோட்டில் வைத்து இறங்கினால், தரைத் தளத்தில் கைப்பிடி இடப்பக்கமாக நான்கு விரற்கடை தள்ளி இருக்கும். மேலே உள்ளது இடப்பக்கம் போனால், மார்புக்கு அடியில் இருக்க வேண்டிய பட்டையின் தடித்த தையல் ஓரம் வலப்பக்கமாக ஏறி, இருக்கிற ஒரே முன்னங்காலின் கக்கத்துக்குள் புகுந்துவிடும். கக்கத்தில் மயிர் குறைவு, தோல் மெல்லியது. முதல் மாதத்திலேயே அங்கே சிவந்து, மயிர் உதிர்ந்து, ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்தது. அவனிடம் மிச்சமிருக்கும் ஒரு முன்னங்காலை, அவனுக்கு உதவ வாங்கிய பொருளே காயப்படுத்துகிறது என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காரணம் எளியது. இவ்வகை ஹார்னெஸ் இரண்டு தோள்களிலும் சமமாக மாட்டி நிற்கும்படி வெட்டப்பட்டது. செவலைக்கு இடப்பக்கம் தோளே இல்லை, விலா எலும்பின் மேல் தட்டையான தோல் மட்டுமே இருக்கிறது. போதாததற்கு சிப்பிப்பாறை உடல்வாகு ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய இடுப்புமாக இருப்பதால், லாப்ரடாரை மனதில் வைத்துப் போட்ட அளவுப் பட்டியலில் மார்புக்குப் பொருந்துவது வயிற்றில் தொளதொளக்கிறது. இதற்கு மேல் நிற்கும் இடத்தின் பிரச்சினை ஒன்று இருக்கிறது. கால் இல்லாத பக்கம்தான் அவன் சாய்வான் என்பதால் நான் இடப்பக்கம், ஒரு படி கீழே நின்று இறங்க வேண்டும், அவனுக்கு வலப்பக்கம் சுவர் இருக்கும். அதுவே பாதுகாப்பு. ஆனால் இடப்பக்கம் நின்று இழுக்கிற கை பட்டையை இடப்பக்கமே உருட்டுகிறது. நாய்க்குப் பாதுகாப்பான பக்கமே பட்டைக்குக் கேடான பக்கமாக இருக்கிறது. கால் இழந்த நாய்களுக்கென்று விற்கும் ஒருவர், கால் இழந்த ஒரே ஒரு நாயோடு ஒரே ஒரு மாடி இறங்கியிருந்தாலும் இது தெரிந்திருக்கும். விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். அளவை மறுபடி சரிபார்க்குமாறு பதில் வந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது.

நானாகச் செய்த முதல் மாற்றம், பழைய வேட்டித் துணியை எட்டாக மடித்து, தோள் இல்லாத இடத்தை நிரப்பும்படி உட்பக்கம் தைத்தது. தழும்பின் மேல் அழுத்தாமல், அதற்குச் சற்று மேலே வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நகர்வு நான்கு விரலிலிருந்து இரண்டரையாகக் குறைந்தது. ஆனால் சென்னை வெயிலில் அந்தத் துணி ஈரம் கோத்துக்கொள்கிறது, வாரம் இரு முறை துவைக்காவிட்டால் நாற்றமும் அரிப்பும் வருகிறது. கக்கத்துப் பக்கம் தையல் ஓரத்துக்குப் பழைய ஃபிளானல் துணியால் உறை போட்டேன். படி முடிந்ததும் ஹார்னெஸைக் கழற்றிவிடுவதை வழக்கமாக்கினேன்.

கைப்பிடி பிய்ந்த மறுநாள் பள்ளிப் பைகள் தைக்கும் பெரியவரிடம் செவலையையும் அழைத்துச் சென்றேன். தைக்கிறதுதான் தைக்கிறோம், இடப்பக்கம் உருள்கிறதே, அதற்கு ஈடாகக் கைப்பிடியை வலப்பக்கம் இரண்டு விரல் தள்ளித் தையுங்கள் என்று கேட்டேன். அவர் முழுத் தையல் போடாமல் ஓட்டுத் தையல் மட்டும் போட்டு, கடை வாசல் படிகளில் இறக்கிப் பார்க்கச் சொன்னார். நகர்வு முன்பைவிட மோசமாகியது. "தம்பி, அது எங்க போய் நிக்குதோ அங்கயே வச்சிப் பாப்போமா?" என்றார். இடப்பக்கம் மூன்று விரல் தள்ளி மறுபடி ஓட்டுத் தையல் போட்டார். கடைப் படிகளில் நான்கு முறை ஏறி இறங்கியும் பட்டை அசையவில்லை. என் கை இழுக்கும் திசையும் கைப்பிடி இருக்கும் இடமும் ஒரே கோட்டில் வந்துவிட்டதால், உருட்டுவதற்கு அதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று. பைக்குப் போடும் தடித்த நைலான் நூலால் பெட்டிபோல் சுற்றி, குறுக்கேயும் இரண்டு ஓட்டம் தைத்துக் கொடுத்தார். கூலி நூற்றிருபது ரூபாய். இந்த ஒரு வாரத்தில் வீட்டுப் படிகளில் நகர்வு அரை விரலுக்கு மேல் போகவில்லை, கக்கத்துத் தோல் உலர்ந்து ஆறிக்கொண்டிருக்கிறது.

இது தீர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி வர வேண்டும். ஆனால் கோபம்தான் கூடியிருக்கிறது. மூன்று விரற்கடை தூரம், நூற்றிருபது ரூபாய்க் கூலி, அரை மணி நேரம். இடக்கால் இல்லாத நாய்க்கு ஒன்று, வலக்கால் இல்லாததற்கு ஒன்று என்று கைப்பிடியை இடம் மாற்றித் தைப்பது ஆலைக்கு ஒரு செலவே அல்ல. அதைச் செய்யாததால் பதினாறு மாதம் அவன் கக்கம் புண்ணாகியிருக்கிறது.

நண்பர் கேட்ட மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். படிகளுக்கு, பேருந்துத் தரையில் இருப்பதுபோன்ற புள்ளி ரப்பர் விரிப்பை வெட்டி, அண்டை வீட்டாரின் சம்மதத்தோடு ஒட்டினோம். ஹார்னெஸுக்கு அடுத்தபடியாக உதவியது அதுதான். உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு டேப்பை ஒட்டாதீர்கள், ஒரே பாதம் எல்லா அடியையும் வாங்குவதால் அடித்தோல் தேய்ந்துவிடும். நகத்தையும் விரல்களுக்கு இடையிலுள்ள மயிரையும் குட்டையாக வெட்டி வைக்க வேண்டும். எடையைக் குறைக்க வேண்டும், செவலைக்கு மாலைத் தயிர்சாதத்தைப் பாதியாக்கி ஒன்றரைக் கிலோ குறைத்ததில் படிகளில் கண்கூடான வேறுபாடு தெரிந்தது.

நண்பரே, உங்கள் நாய்க்குப் போகப்போவது பின்னங்கால் என்பதால் தோள்கள் இரண்டும் இருக்கும், நான் சொன்ன உருளல் உங்களுக்கு வராது. ஆனால் முன்பக்கக் கைப்பிடி மட்டும் உள்ள இந்த வகையால் பயன் குறைவு, ஏறும்போது இடுப்பைத் தாங்கும் பின்பக்கக் கைப்பிடியும் வேண்டும். முதல் சில நாட்களுக்கு ஒரு துண்டை அடிவயிற்றின் கீழ் கொடுத்துத் தாங்கலாம். உங்களுடையதும் ஆண் நாய் என்பதால், துண்டு சிறுநீர் கழிக்கும் இடத்தை மறைக்காமல் தொடைக்கு நெருக்கமாக வருமாறு பிடியுங்கள்.

இந்த ஹார்னெஸை வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இது இல்லாமல் செவலை கீழே இறங்கியிருக்க மாட்டான் என்பதை அறிந்தே சொல்கிறேன். அந்தப் பெட்டியில் அச்சிட்ட வரியை நம்பி இன்னொருவர் பணம் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. எதை வாங்குவதானாலும் இப்போதே வாங்க வேண்டாம். தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, உடல் புது வடிவத்துக்கு வந்த பிறகு அளவெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தால் செவலை இறங்குவதை நேரில் பார்க்கலாம். பை தைக்கும் பெரியவரின் கடையும் அன்று திறந்திருக்கும்.