நீலச் சாயம் பூசிய சக்குலன்ட்: 899 ரூபாய் போன கதை

மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் சித்திரை வெயிலுக்குக் கத்தரிச் செடியே சுருண்டுவிடும். அதனால்தான் இன்ஸ்டாகிராமில் "ஹார்டி சக்குலன்ட் காம்போ, 12 செடி 899 ரூபாய், எந்த வெயிலும் தாங்கும்" என்று பார்த்ததும் கை துறுதுறுத்தது. சக்குலன்ட் என்றால் சதைப்பிடிப்பான இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற செடி. முழுப் பணத்தையும் ஜிபேயில் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்தபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக எச்செவேரியா, அதில் ஒன்று மயில்கழுத்து நீலம். அத்தைகூட "இது பிளாஸ்டிக்காடி?" என்று கேட்டார். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் தண்ணீர் தெளித்தேன், தொட்டியின் அடித்தட்டில் நீலத் தண்ணீர் நின்றது. இலையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சாதாரணப் பச்சை. சாயம் அடித்த இலைக்கு வெளிச்சமும் சரியாகக் கிடைக்காது, மூச்சும் விட முடியாது.

அப்புறம் சந்தேகம் வந்து மற்றதையும் லேசாக இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. விரற்கடை நீளத்துக்குத் தண்டு, வெட்டிய முனை பழுப்பேறிக் கொழகொழவென்று, வேர் என்று ஒரு நூல்கூட இல்லை. பன்னிரண்டில் ஏழு இப்படித்தான். சக்குலன்ட் தண்டை வெட்டினால் நாலைந்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் நட வேண்டும். இவர்கள் வெட்டிய கையோடு ஈரக் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில் செருகி, "செடி" என்று அனுப்பியிருக்கிறார்கள். அழுகாமல் என்ன செய்யும்?

மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்ட் என்று வந்தது இரண்டு இலைத்துண்டு. "ஒரு இலை பத்து செடியாகும் சிஸ்" என்றார்கள். வேர் விடும், அது உண்மை. ஆனால் இலையிலிருந்து கிளம்பும் குட்டிக்கு அந்த மஞ்சள் கரை வராது, வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்த கன்றுதான் வாங்க வேண்டும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது அதே பெட்டியில் வந்த செம்பர்விவம் என்கிற சக்குலன்ட். 'ஹார்டி' என்று அதைச் சொன்னதில் பொய்யே இல்லை. ஐரோப்பிய மலைப்பாறைகளில் பனிக்கு அடியில் கிடந்து பிழைக்கிற செடி; அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக் கூரை மேலேயே வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே 'ஹார்டி' என்றால் குளிரைத் தாங்கும் என்று அர்த்தம். அதை இங்கே வெயில் தாங்கும் என்று விற்றுவிட்டார்கள். இந்த வகைச் செடிகள் பெரும்பாலும் வெயில் தணிந்த இரவில்தான் காற்றை இழுக்க இலைத்துளையைத் திறக்கும். நம்ம ஊரில் கோடையில் இரவும் புழுங்குகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வைத்தால் பிழைத்திருக்குமோ என்னவோ, என் மாடியில் பத்தே நாளில் நடுக்குருத்து கண்ணாடி போலக் கலங்கிக் கரைந்தது.

விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க சிஸ்." வேரே இல்லையே என்றேன். "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" இல்லை. அதற்கப்புறம் பிளாக்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நர்சரிக்கு நேரில் போய், தண்டைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். நிறம் கண்ணைப் பறித்தால் ஈரத்துணியால் இலையைத் துடைத்துப் பாருங்கள், நடுக்குருத்தையும் கவனியுங்கள். சாயம் அடித்த செடியில் புதுசாக வரும் இலை பச்சையாக இருக்கும். ஆன்லைன்தான் என்றால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சி சும்மா ஒடித்துத் தந்த ஜேட் கிளையும், இலையோரத்தில் வரிசையாகக் குட்டி போடுகிற ரணகள்ளியும் அதே மாடியில் ஜோராக இருக்கின்றன. அவற்றுக்கு நான் கோகோபீட்கூடப் போடவில்லை. செம்மண்ணும் மணலும் கொஞ்சம் உடைத்த செங்கல் ஜல்லியும்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. நேற்று அதே நீலச் செடிப் படம் வேறொரு பெயரில் என் கண்ணில் பட்டது, ஆடித் தள்ளுபடி 699 ரூபாயாம்.