வேஸ்ட் இங்க் பேட் நிரம்பினால்: ரீசெட்டா, புதுப் பேடா, வெளி பாட்டிலா?

பிரிண்டரில் இங்க் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது. ஆனாலும் சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னுகின்றன. இங்க் பேடின் ஆயுள் முடிந்தது என்று கம்ப்யூட்டரில் செய்தி வருகிறது. எப்சன் எல் வரிசை வைத்திருப்பவர்களுக்குப் பழகிய காட்சி. பழைய கேனானில் 5பி00 என்ற எண் வரும்.

மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கில் உறிஞ்சப்படும் மை, பிரிண்டரின் அடியிலுள்ள பஞ்சு போன்ற பேடில் போய்ச் சேர்கிறது. அதில் எவ்வளவு மை தேங்கியிருக்கிறது என்று பிரிண்டர் அளந்து பார்ப்பதில்லை. கழிவு மையைக் கணக்கு போட்டே கூட்டிக்கொண்டு வந்து, வரம்பு வந்ததும் நின்றுவிடுகிறது.

இந்தக் கணக்கை வைத்திருக்கும் கவுன்ட்டரை மட்டும் ரீசெட் செய்வது பத்து நிமிட வேலை. ஒரு ரீசெட்டுக்கு ஒரு கீ (திறப்புக் குறியீடு) என்று காசு கட்டி வாங்கும் மென்பொருள்கள் உண்டு. இலவசம் என்று சுற்றும் காப்பிகளில் வைரஸ் இருக்கக்கூடும், தொடாதீர்கள். ஆனால் ரீசெட்டில் கணக்குதான் பூஜ்ஜியமாகிறது, மை அங்கேயேதான் இருக்கிறது. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் நான் இரண்டாவது தடவையும் அப்படியே செய்தேன். சில மாதம் கழித்து ஒரு காலையில் மேஜை விரிப்பு முழுக்கக் கறுப்பு. அதன் மேல் மகளின் ரெக்கார்டு நோட்டு. அவள் அழுததை இன்னும் மறக்கவில்லை. மை சர்க்யூட் போர்டு பக்கம் போயிருந்தால் பிரிண்டரே போயிருக்கும்.

அதனால் என் ஓட்டு பேடை மாற்றிவிட்டு ரீசெட் செய்வதற்குத்தான். சில எல் வரிசை மாடல்களில் பின்பக்கம் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் பேட் பெட்டி வெளியே வந்துவிடும். சில மாடல்களில் பாதி பிரிண்டரையே பிரிக்க வேண்டும். அதை சர்வீஸ் சென்டரிடம் விடுவதே நல்லது. புதுப் பேட் கிடைக்கவில்லை என்றால் பழையதைக் கழுவியும் போடலாம். கையுறை, பழைய பக்கெட், நிறையத் தண்ணீர் வேண்டும். நிறம் முழுதாகப் போகாது, பரவாயில்லை. ஆனால் நன்றாகக் காய்ந்தே ஆக வேண்டும். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டை மாடியில் ஏப்ரல் வெயிலுக்கு ஒரே நாளில் சருகாகிவிட்டது. ஏற்காட்டில் இருக்கும் அக்கா நவம்பரில் கழுவி வைத்துவிட்டு நான்காம் நாள் போன் செய்தார்: "தம்பி, இன்னும் பிழிஞ்சா தண்ணி வருதுடா." 1,500 மீட்டர் உயரத்தில், அந்த மழையிலும் பனிமூட்டத்திலும் வேறென்ன நடக்கும்? மலையில் இருப்பவர்கள் புதுப் பேடே வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது வழி, கழிவு மை வரும் டியூபை நீட்டி வெளியே ஒரு பாட்டிலில் விடுவது. தினமும் நிறையப் பிரிண்ட் எடுக்கும் ஜெராக்ஸ் கடைக்கு இது நல்ல ஏற்பாடு. மை எவ்வளவு சேர்ந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் பாட்டில் பிரிண்டரை விடக் கீழே இருக்க வேண்டும், டியூப் மடங்கக் கூடாது. ஓரம் விடாமல் போட்டோ அடிக்கும்போது தாளுக்கு வெளியே தெறிக்கும் மை இந்த டியூபுக்கு வராது. அது உள்ளே வேறு பேடில்தான் விழும். சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் நான் இதை வைக்க மாட்டேன்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள், கழிவு மை சேரும் மெயின்டெனன்ஸ் பாக்ஸை நாமே கழற்றி மாட்டும் மாடலா என்று முதலில் கேளுங்கள். கேனானில் ஜி2000, ஜி3000 மாடல்களுக்கு அந்த வசதி இல்லை. பின்னால் வந்த ஜி2020, ஜி3020 மாடல்களுக்கு உண்டு. பழைய பாக்ஸை உருவிப் புதியதைச் செருகினால் முடிந்தது, கீ எதுவும் வேண்டாம். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்குப் பிரிண்டரைத் தூக்கி வர வேண்டிய வேலையும் இல்லை. அக்காவுக்கு அடுத்ததாக அப்படி ஒன்றைத்தான் பார்த்து வைத்திருக்கிறேன்.

அதுவரை அக்காவிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன்: பிரிண்டில் கோடு விழுந்தால் முதலில் மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் எடுத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் மட்டும் கிளீனிங் கொடுங்கள். பவர் கிளீனிங் கடைசிக் கட்டம். ஒரே தடவையில் அது கொட்டும் மை மிக அதிகம்.