வண்டு பார்க்க ஒரு மடக்கு லென்ஸ்: ஒன்றரை வருட அனுபவம்

பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய கைக்கடிகாரமும் ஸ்குரூ டிரைவரும் பரப்பியிருந்த ஒரு விரிப்பில்தான் இதைப் பார்த்தேன். நகைக்கடையில் கல் பார்ப்பவர்கள் கண்ணில் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி மடக்கு லென்ஸ். 250 சொன்னார், பேசி 180-க்கு வாங்கினேன். ஒன்றரை வருடம் ஆகிறது. வண்டு பார்க்க மட்டும்தான் எடுக்கிறேன், அந்த வேலைக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.

வாங்க வைத்தது எங்கள் கோண்டூர் வீட்டுச் செம்பருத்தி. நுனியெல்லாம் மாவுப்பூச்சி. அதில் சில மட்டும் பெரிதாக, கொழுகொழுவென்று, நீள நீளமாக வெள்ளை நூல் தொங்க இருந்தன. தாய்ப்பூச்சி என்று நினைத்து அவற்றைத்தான் தேடித் தேடி முதலில் நசுக்கினேன். இரண்டு வாரத்தில் செடி முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. போனில் எடுத்து வைத்திருந்த படத்தை, சிதம்பரத்தில் வேளாண்மை படிக்கும் தங்கை மகனிடம் காட்டினேன். "பெரியம்மா, இது மாவுப்பூச்சி இல்ல. மாவுப்பூச்சியைத் திங்கிற பொறிவண்டோட புழு. முதல்ல ஒரு லென்ஸ் வாங்குங்க" என்றான்.

கிரிப்டோலேமஸ் என்று அதற்குப் பேர். காப்பிச் செடியின் செதில் பூச்சியைக் கட்டுப்படுத்த 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு. அடுத்த முறை செம்பருத்தியில் வெள்ளை தெரிந்தபோது லென்ஸோடு போய் உட்கார்ந்தேன். மாவுப்பூச்சி வைத்த இடத்திலேயே இருக்கிறது, அதன் ஓரத்தைச் சுற்றிக் குட்டை குட்டையாக மெழுகு. புழுவுக்கு மெழுகு நூல் நீளம், முன்பக்கம் ஆறு கால் தெளிவாகத் தெரிகிறது, விறுவிறுவென்று நடக்கிறது. ஒரு புழு மாவுப்பூச்சியில் வாய் வைத்ததையும், அந்தப் பூச்சி மெல்ல வற்றிச் சுருங்கியதையும் கண்ணால் பார்த்தேன். நான் நசுக்கியவை எத்தனை என்று அன்றைக்கெல்லாம் மனசு ஆறவில்லை.

சரி, லென்ஸுக்கு வருகிறேன். மேலே 30 எக்ஸ் என்று பொறித்திருக்கிறது. அது உண்மையில்லை. நீங்களே சோதிக்கலாம்: ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாளை வைத்து, ஜன்னலின் உருவம் தாளில் தெளிவாக விழும் வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தாளுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை சென்டிமீட்டரில் அளந்து, 25-ஐ அதால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். என்னுடையது கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர், அதாவது 10 மடங்கு. 30 மடங்காக இருந்திருந்தால் தூரம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பொய் எழுதி விற்பது தப்புதான். ஆனால் வண்டுக்கு 10 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் பூச்சியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிய வேண்டும், வெளிச்சமும் மறைந்துவிடும்.

பிடிக்கும் முறையும் முக்கியம். பூச்சிக்கு மேல் லென்ஸைப் பிடித்துத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும், இலையைத்தான் கண்ணருகே கொண்டுவர வேண்டும். ஓடும் வண்டாக இருந்தால் மாத்திரை டப்பாவில் போட்டு ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைப்பேன். அடங்கிவிடும். பார்த்துவிட்டு வெளியே விட்டால் பறந்து போய்விடும்.

நம் ஊரில் எல்லாமே வண்டுதான். பூவில் தேன் குடிப்பதும் வண்டு, மரச்சட்டத்தைத் துளைக்கும் கருவண்டும் வண்டு. அவை இரண்டும் தேனீ இனம். நான் முதலில் பார்ப்பது முதுகை. இரண்டு கெட்டி மூடிகள், நடுவில் நேர்கோடாகச் சேர்ந்திருந்தால் வண்டு. வெண்டையிலும் செம்பருத்தியிலும் கூட்டமாக வரும் சிவப்புப் பூச்சிக்கு இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குறுக்காகக் கிடக்கும். அது நாவாய்ப்பூச்சி.

லென்ஸ் காசுக்கு மேல் வேலை செய்தது கத்தரிப் பாத்தியில். இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டு ஒன்று உண்டு, எப்பிலாக்னா என்பார்கள், முதுகில் 28 புள்ளி வரை இருக்கும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் அதே பாத்தியில், அதே உருண்டை வடிவில் திரியும். புள்ளியை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. லென்ஸில் பார்த்தால் எண்ணவே வேண்டாம். எப்பிலாக்னாவின் முதுகில் பொடி மயிர் பரவி, மங்கலாக, பீச் பழத் தோல் மாதிரி இருக்கும். பொறிவண்டு வார்னிஷ் அடித்த மாதிரி பளபளவென்று, ஜன்னல் வெளிச்சம் அதன் முதுகில் புள்ளியாகத் தெரியும். புழுவும் அப்படித்தான்: எப்பிலாக்னா புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளை பிரிந்த முள். பொறிவண்டின் புழு கறுத்து நீண்டு, முதலைக் குட்டி போல இருக்கும். மருந்துக் கடையில் ஒருவர் இரண்டையும் பார்க்காமலே ஒரே பாட்டிலை எடுத்து நீட்டியது இதே கத்தரிக்குத்தான். இப்போது எப்பிலாக்னாவை மட்டும் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுகிறேன்.

கூன்வண்டுகளில் சாம்பல் கூன்வண்டு அடிக்கடி வரும். இலை ஓரத்தைப் பல் பல்லாகக் கடித்து வைக்கும், தொட்டால் செத்தது போல விழும். வெறுங்கண்ணுக்குத் தூசி படிந்த வண்டு. லென்ஸில் அந்தத் தூசி வரிசை வரிசையாக ஒட்டிய செதில்கள் என்று தெரியும், சிலவற்றில் லேசான பச்சை மினுமினுப்பு. உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். கூன்வண்டுக்கு அது பெரிய அடையாளம்.

சமையலறைக்கும் இதே அடையாளம் உதவியது. அரிசியில் வண்டு என்று மாமியார் முறத்தைக் கொண்டுவந்தார். லென்ஸில் மூக்கு, மடங்கிய கொம்பு, இறக்கை மூடியில் நாலு மங்கிய செம்புள்ளி. அரிசி மூக்கு வண்டு. முழு அரிசியிலேயே துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை மூடிவிடும், அதனால் புடைத்தாலும் போகாது. கோதுமை மாவில் இருந்தது வேறு: செம்பழுப்பு, தட்டை, மூக்கில்லை. அது மாவையும் நொய்யையும்தான் தின்னும். மாமியார் அரை மணி நேரம் லென்ஸைத் திருப்பித் தரவில்லை. "ஏம்மா, இதுக்கு மூக்கு இவ்ளோ நீளமா!" என்று ஒவ்வொரு மணியாகப் பார்த்தார்.

பெரிய வண்டுக்கு இது வேண்டாம். காடாம்புலியூரில் அண்ணனுக்கு முந்திரித் தோப்பு, 2011 டிசம்பரில் தானே புயலில் மரமெல்லாம் சாய்ந்த பிறகு வைத்த கன்றுகள். அங்கே தண்டு துளைப்பானைக் கண்டுபிடிக்க அடிமரத்தில் வழியும் பிசினும் மரத்தூளும் போதும். தென்னையில் மட்டை விசிறி மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு, தண்டில் ஓட்டை விழுந்து பழுப்பு நீர் வடிந்தால் சிவப்புக் கூன்வண்டு. ஆனாலும் இனக்கவர்ச்சிப் பொறி வாளியில் விழுந்த ஒரு சிவப்புக் கூன்வண்டை ஆசைக்கு லென்ஸில் பார்த்தேன். மூக்கின் மேல் பல் துலக்கும் பிரஷ் மாதிரி மயிர்க் கற்றை. அது ஆண். பெண்ணுக்கு மூக்கு வழவழவென்று இருக்கும்.

கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் போனபோது கோயில் காட்டோரம் பொன்வண்டின் இறக்கை மூடி ஒன்று கிடந்தது. சின்ன வயதில் தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்த அதே பொன்வண்டு. லென்ஸில் அந்தப் பச்சை முழுக்கக் குழி குழியாக, ஒவ்வொரு குழியும் தனித்தனியே மின்னியது. சாயத்தால் வரும் நிறமில்லை, மூடியின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பி வரும் நிறம். வண்டு செத்தும் மங்காதது அதனால்தான்.

குறைகள்: லென்ஸின் ஓரத்தில் உருவம் வளைந்து வானவில் கோடு தெரிகிறது, நடுப்பகுதிதான் உருப்படி. கடல் காற்றுக்கு நாலு மாதத்தில் முலாம் உரிய ஆரம்பித்தது. மடக்கு ஸ்குரூ இரண்டு முறை தளர்ந்து, ஒரு முறை பாத்தியிலேயே விழுந்து தேடினேன். சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறேன், கட்டாயம் கட்டுங்கள்.

சந்தையில் வாங்குவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன் புதிய பத்து ரூபாய் நோட்டை எடுத்து, அதிலிருக்கும் பொடி எழுத்துகளைப் பாருங்கள். விரிப்பில் மூன்று நான்கு இருக்கும், எல்லாம் ஒரே தரமில்லை. எதில் ஓரம் வரைக்கும் எழுத்து வளையாமல் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.