கோட்டுக்கும் பொருந்த வேண்டும், காலையும் கடிக்கக் கூடாது: பயண ஷூக்கள் ஓர் ஒப்பீடு

பயணப் பெட்டியில் இடத்தை விழுங்குவதில் ஷூவுக்கு நிகர் எதுவுமில்லை. அதனால் ஒரே ஒரு ஜோடியோடு கிளம்புவது என்று பலரும் முடிவு செய்கிறார்கள். அந்த ஒரு ஜோடி பகல் முழுக்கக் கல் பாவிய தெருக்களில் நடக்க வேண்டும். மாலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனால் கூச்சம் தராமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் தகுந்தவை என்று சொல்லி விற்கப்படும் வகைகள் பல. அவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பதே இங்கே நோக்கம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரப்பர் அடி வைத்த டெர்பி என்னும் லேஸ் கட்டும் தோல் ஷூ. மற்றவை ஏன் தோற்கின்றன, எங்கே ஜெயிக்கின்றன என்பதுதான் மீதிக் கதை.

கடையில் காலை நுழைத்தவுடன் மெத்தென்று இருப்பதையே சுகம் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த மெத்தென்ற உணர்வு உள்ளே வைத்த நுரைப்பஞ்சின் வேலை. இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நாலு மணி நேரம் நடந்த பிறகும் கால் தன் இருப்பை நினைவூட்டாமல் கிடக்கிறதா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: புறங்காலை ஷூ எப்படிப் பிடிக்கிறது, முன்பாதம் விரிய எவ்வளவு அகலம் இருக்கிறது, அடிப்பகுதி தரையை எப்படிப் பற்றுகிறது. பஞ்சு இவற்றுக்குப் பிறகுதான்.

ஆக்ஸ்ஃபோர்டா, டெர்பியா?

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாடு ஒரு தையலில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் லேஸ் துளைகள் உள்ள இரண்டு மடல்களும் முன்தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். டெர்பியில் அவை முன்தோலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதனால் டெர்பியின் மடல்கள் கதவுபோல இரு பக்கமும் திறக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் மடல்கள் அடியில் கட்டுப்பட்டுக் கிடக்கும்.

இது பயணத்தில் பெரிய விஷயம். காலையில் இருந்த பாதம் மாலையில் இருப்பதில்லை. நடக்க நடக்க வீங்கும். விமானத்தில் பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாலும் வீங்கும். டெர்பியில் லேஸை ஒரு சுற்றுத் தளர்த்தினால் மடல்கள் விலகி இடம் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி தெரிந்தாலும் ஷூ அழகு கெடாது. ஆக்ஸ்ஃபோர்டு இறுக மூடிய நிலையில்தான் அழகு. வீங்கிய காலோடு அதை அணிந்தால் மடல்கள் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல விரிந்து, அளவு தப்பிய ஷூ என்று ஊருக்கே அறிவிக்கும். புறங்கால் மேடாக உள்ளவர்களுக்குக் காலை எழுந்தவுடனேயே அந்தக் கதிதான்.

டெர்பிக்கு நெருங்கிய உறவான திறந்த மடல் ஷூ ஒன்றுக்கு, நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட பிரஷ்யத் தளபதி ப்ளூஷரின் பெயர் ஒட்டிக்கொண்டது. வீரர்கள் சட்டென்று மாட்டிக்கொண்டு கிளம்புவதற்காக அவர் இந்த அமைப்பை விரும்பினார் என்பார்கள். நீண்ட நடைக்கு ஏற்ற பரம்பரைதான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. சம்பிரதாயம் பார்ப்பவர்கள் ஆக்ஸ்ஃபோர்டை ஒரு படி உயர்வாக வைப்பார்கள். கருப்பு ‘போ டை’ கட்டும் விருந்துக்குப் போகிறீர்கள் என்றால் அவர்கள் சொல்வது சரி. மற்றபடி மெலிந்த வடிவில், துளை அலங்காரம் இல்லாத, கருப்பு அல்லது அடர்பழுப்பு டெர்பியை எந்தக் கோட்டுக்குக் கீழும் அணியலாம். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குனிந்து தையலைச் சோதிப்பவர்கள் இருக்கும் விருந்துக்கு நான் இதுவரை அழைக்கப்படவில்லை. அடிப்பகுதியின் விளிம்பு தடித்து, வேலை நேர பூட்ஸ்போலத் தெரியும் டெர்பிகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

லோஃபர்: உட்கார்ந்திருப்பவரின் ஷூ

லேஸ் இல்லாத லோஃபர் பயணிகளின் செல்லப்பிள்ளை. விமான நிலையச் சோதனையில் கழற்றச் சொன்னால் நொடியில் கழற்றலாம், மாட்டலாம். நார்வே நாட்டுக் காலணியைப் பின்பற்றி 1936-இல் ஜி.எச். பாஸ் நிறுவனம் ‘வீஜன்ஸ்’ லோஃபரை வெளியிட்டது. அன்று முதல் இன்றுவரை இதன் கவர்ச்சி குறையவில்லை. கால்சட்டையோடும் ஜீன்ஸோடும் ஒன்றுபோலப் பொருந்தும் வேறு தோல் ஷூவைக் காட்டுவது கடினம்.

நடைக்கு வந்தால் கதை மாறுகிறது. லோஃபரை இறுக்கவோ தளர்த்தவோ வழியில்லை. காலைப் பிடித்து வைப்பது புறங்காலின் மேல் படியும் தோல் பட்டை மட்டுமே. தோல் நாளடைவில் அகலவாக்கில் இளகும் என்பதால் வாங்கும்போது சற்று இறுக்கமாகவே வாங்க வேண்டும். அப்படி வாங்கியது மாலையில் வீங்கிய காலைக் கடிக்கும். தாராளமாக வாங்கினாலோ காலையிலேயே குதிகால் எழும்பி எழும்பி இறங்கும். அப்படி இறங்கும் ஷூ கழன்றுவிடாமலிருக்க, நாம் அறியாமலேயே விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடப்போம். மாலையில் உள்ளங்கால் வலிப்பதற்குத் தெருவைக் குறை சொல்லிப் பயனில்லை.

புறங்கால் நல்ல மேடாகவும் குதிகால் ஒடுங்கியும் உள்ளவர்களுக்கு லோஃபர் பரவாயில்லாமல் நிற்கும். கூட்டம், உணவகம், கார், மறுபடி கூட்டம் என்று ஓடும் பயணத்துக்கும் போதும். ஊரைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டாம். பக்கிள் வைத்த மாங்க் ஸ்ட்ராப் லோஃபருக்கும் டெர்பிக்கும் நடுவில் நிற்கிறது: இறுக்கலாம், ஆனால் வாரில் உள்ள துளைகளின் கணக்குக்கு மட்டும். ஒரு துளை இறுக்கம், அடுத்த துளை தொளதொளப்பு என்ற நிலை வரும். பார்வைக்கு மிடுக்கானது என்பதை மறுக்கமாட்டேன்.

பஞ்சு அடியா, தைத்த அடியா?

உண்மையான போட்டி இங்கேதான். ஒரு பக்கம், மேலே கோட்டுக்குரிய தோலும் கீழே ஓட்டப்பந்தய ஷூவின் நுரை அடியும் வைத்த கலப்பினம். 2012-இல் கோல் ஹான் நிறுவனம் நைக்கியின் லூனார்லான் நுரையை அலங்காரத் துளையிட்ட ஷூவுக்கு அடியில் ஒட்டி ‘லூனார்கிராண்ட்’ என்று விற்றது. 2014-இல் ‘ஜீரோகிராண்ட்’ வந்தது. அதற்கும் முன்பே இந்த எண்ணத்துக்கு வழி போட்டது ராக்போர்ட். அந்நிறுவன அதிகாரி டோனி போஸ்ட் 1990 நியூயார்க் மாரத்தானை, கம்பெனியின் ‘டிரெஸ்ஸ்போர்ட்ஸ்’ ஷூவைப் போட்டுக்கொண்டே ஓடினார். விளம்பரத்துக்காகத்தான், சரி; ஆனாலும் 42 கிலோமீட்டர் 42 கிலோமீட்டர்தானே. மறு பக்கம், ‘குட்இயர் வெல்ட்’ முறையில் தோல் பட்டியோடு சேர்த்துத் தைத்த, பழுது பார்த்துப் பல ஆண்டு அணியக்கூடிய பாரம்பரிய ஷூ.

எடையில் கலப்பினம் எளிதாக ஜெயிக்கிறது. வெல்ட் தையல் போட்ட ஷூ ஒரு ஜோடி ஒரு கிலோவைத் தொடுவது சாதாரணம். காலில் கூடும் எடை உடம்பில் கூடும் எடையைவிட அதிகமாகக் களைப்பூட்டும்; ஓடும்போது ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது. நடையில் அது அவ்வளவாக உறைக்காது என்றாலும் நாள் முடிவில் தெரியும். பழக்கும் வேலையும் கலப்பினத்துக்கு இல்லை. வெல்ட் ஷூவின் உள்ளடிக்குக் கீழே தக்கை நிரப்பியிருப்பார்கள். அது உங்கள் பாதத்தின் வடிவுக்கு அமுங்கி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஷூ கடிக்கும். அமுங்கிய பிறகோ, வேறு எந்த ஷூவும் அப்படிப் பொருந்தாது.

கலப்பினத்தின் பலவீனம் தோற்றத்தில் இருக்கிறது. மேலே நேர்த்தியான தோல், கீழே தடித்த வெள்ளை அடி என்றால் பார்ப்பவர் கண் நேரே அந்த வெள்ளைக்குத்தான் போகும். கோட்டின் கௌரவம் அங்கேயே போய்விடுகிறது. மேல்தோலின் நிறத்திலேயே மெல்லிய அடி வைத்தவையும் கிடைக்கின்றன. 1963-இல் தொடங்கிய டென்மார்க்கின் எக்கோ நிறுவனம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை அடியை நேரடியாக மேல்தோலோடு வார்த்து இணைக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. இப்படிப்பட்டவை கோட்டுக்கு அடியில் அடக்கமாக இருக்கும். ஆனால் அடி தேய்ந்தால் மாற்றுவது பெரும்பாலும் முடியாத காரியம். பல கலப்பினங்களின் அடியில் இருக்கும் ஈ.வி.ஏ. என்ற இலகுவான நுரை அமுங்கி அமுங்கி ஒருநாள் பழைய நிலைக்குத் திரும்பாமல் தட்டையாகிவிடும். மேல்தோல் புத்தம் புதிதாக இருக்கும்போதே ஷூவைத் தூக்கிப் போட நேரும்.

நடுவழி ஒன்றும் உண்டு. லைமன் பிளேக் 1858-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் பெயரால் வழங்கும் பிளேக் தையலில், உள்ளடியையும் வெளியடியையும் ஒரே தையல் இணைக்கிறது. நடுவில் பட்டி இல்லாததால் ஷூ மெலிந்து, முதல் நாளே வளையும். மழையில் தையல் வழியே ஈரம் ஏறும் என்பது குறை. ரப்பர் அடி வைத்தால் அது பெருமளவு குறையும்.

ஆகவே என் தீர்ப்பு காலண்டரைப் பொறுத்தது. அடுத்த வாரம் விமானம், கையில் ஷூ இல்லை என்றால் வெட்கப்படாமல் அடக்கமான அடி கொண்ட கலப்பினத்தை வாங்குங்கள். இரண்டு மாதம் இருக்கிறது என்றால் தைத்த டெர்பியை வாங்கி, அன்றாடம் சில மணி நேரம் போட்டுப் பழக்குங்கள்.

எந்தத் தையலானாலும் வெளியடி தோலாக வேண்டாம். தோல் அடி பளபளப்பான தரையில் வழுக்கும், நனைந்தால் இன்னும் மோசம். கரடுமுரடான கற்களில் சீக்கிரம் தேயும். ரப்பர் என்றதும் மலையேறும் பூட்ஸின் பல்வரிசையை நினைக்க வேண்டாம். ஆல்ப்ஸில் 1935-இல் ஆறு தோழர்களைப் பறிகொடுத்த விட்டாலே பிரமானி, 1937-இல் கொண்டுவந்த விப்ரம் அடி அந்த வகை. கோட்டு ஷூவுக்கு டெய்னைட் போன்ற மெல்லிய அடிகள் இருக்கின்றன. அவற்றின் பிடிமானக் குமிழ்கள் விளிம்புக்கு உள்ளே அடங்கியிருப்பதால் பக்கவாட்டில் பார்த்தால் தோல் அடிபோலவே தெரியும்.

பூட்ஸ்களில், லேஸுக்குப் பதில் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த செல்சியை நான் சேர்ப்பதில்லை. எலாஸ்டிக் பழசானால் பிடி தளரும். வெயிலில் கணுக்கால் வேகும். சுக்கா வேறு ரகம்: இரண்டு மூன்று துளைகளில் லேஸ், டெர்பியின் திறந்த மடல், கணுக்காலுக்குச் சற்றுத் துணை. கிளார்க்ஸ் நிறுவனத்தின் நேதன் கிளார்க், கெய்ரோ கடைத்தெருவில் தைக்கப்பட்ட ராணுவ அதிகாரிகளின் பூட்ஸைப் பார்த்து உருவாக்கிய ‘டெசர்ட் பூட்’ என்ற சுக்கா 1950-இல் வந்தது. மேலே சொரசொரப்புள்ள ஸ்வேட் தோல் மென்மையானது, பழக்கத் தேவையில்லை. மழை நிறைந்த ஊருக்கு மட்டும் சொரசொரப்பில்லாத தோலில் வாங்குங்கள். டையில்லாத கோட்டுக்கு சுக்கா டெர்பியைவிட அழகு என்றுகூடச் சொல்வேன்.

பெண்களுக்கான வகைகளிலும் அதே சட்டம்தான்: பிடி இருந்தால் நடை, இல்லாவிட்டால் வலி. தட்டையாக இருப்பதால் பாலே ஃபிளாட் நடைக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடன மேடைக்கான காலணியிலிருந்து பிறந்தது அது. அடி மெலிசு, பிடிக்க எதுவுமில்லை, லோஃபரின் எல்லாக் குறைகளும் இரட்டிப்பாக உண்டு. அதோடு ஒப்பிட்டால் புறங்காலில் வார் போட்ட மேரி ஜேன், மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு அகலக் குதி வைத்தது, எவ்வளவோ மேல். ஊசிக் குதியைப் பற்றிக் கல் இடுக்குகள் உள்ள தெருக்களே பேசிக்கொள்ளும். பெண்களுக்கான டெர்பிகளும் கிடைக்கின்றன. கால்சட்டையோடு அணிய அவற்றை மிஞ்ச எதுவுமில்லை.

வகையைத் தேர்ந்த பிறகு அளவு. மாலையில், பயணத்தில் போடப்போகும் அதே காலுறையோடு போய்ப் பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், பெரியதற்கு வாங்குங்கள். ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, அதன் மேல் ஷூவை வைத்துப் பார்த்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்கிறதா என்பது போடாமலேயே தெரிந்துவிடும். அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டி வாங்கும் பழக்கம் மிகவும் கெட்டது. பாதம் முன்னே சரிந்து, இறக்கத்தில் பெருவிரல் நகம் நசுங்கும். ஷூவை மடக்கிப் பார்த்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் வைத்துவிடுங்கள்.

ஒரு ஜோடியோடு போகிறவர்கள் இரவில் அதைக் காய விடவும் வேண்டும். தோல் உறிஞ்சிய வியர்வை ஓர் இரவில் முழுதாக உலர்வதில்லை. லேஸைத் தளர்த்தி, உள்ளே காகிதத்தைச் சுருட்டி அடைத்து வைத்தால் பாதி வேலை நடக்கும். கம்பளிக் காலுறை பருத்தியைவிட மேல். கடைசியாக, அலமாரியில் சில வருடமாகத் தூங்கும் பாலியூரித்தேன் அடி ஷூவை நம்பிக் கிளம்புகிறவர்களுக்கு: அந்தப் பொருள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, அணியாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள் சிதையும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடந்து பாருங்கள். உதிர்வதானால் வீட்டுக்குப் பக்கத்திலேயே உதிரட்டும்.