50/34-ஆ, 52/36-ஆ? மலைச்சாலையிலும் சமவெளியிலும் ஓட்டியபின் கிடைத்த கணக்கு

சைக்கிளுக்குக் கிராங்க்செட் (மிதிக்கும் கைகளும் முன் பற்சக்கரங்களும் சேர்ந்த பகுதி) வாங்கும்போது எல்லோர் கண்ணும் பெரிய செயின்ரிங், அதாவது பெரிய முன் பற்சக்கரம், மேல்தான் போகிறது. 50/34 என்றால் பெரிய ரிங்கில் 50 பல், சின்னதில் 34. 50 பல் வைத்தால் வேகம் போதாது என்ற பயம் வீண். 25 மி.மீ. டயரில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 50/11 கியர் (முன்னால் 50 பல், பின்னால் 11) மணிக்கு 51.7 கி.மீ. தரும், 52/11 தருவது 53.7. ரேஸ் ஓட்டாதவருக்கு இந்த 2 கி.மீ.யால் பயன் ஏதும் இல்லை.

முடிவு செய்ய வேண்டியது சின்ன ரிங். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற நீண்ட ஏற்றத்தில் காலைக் காப்பாற்றுவது அதுதான். ஆளும் பைக்குமாக 84 கிலோ, 8 சதவீத ஏற்றம், 70 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 36/28 கியரில் 11.4 கி.மீ. வேகம், அதற்குச் சுமார் 230 வாட் வேண்டும். 34/32-இல் 9.4 கி.மீ., சுமார் 190 வாட் போதும். ஒரு மணி நேரம் 230 வாட் தர முடியாதவர் 36/28-இல் சுற்றைக் குறைத்து, முழங்காலால் அழுத்தித்தான் ஏறுவார். வலி தொடங்குவது அங்கேதான்.

அதனால் எங்கள் தேர்வு 50/34, பின்னால் 11-32 கேசட் (11 முதல் 32 பல் வரையிலான பின் பற்சக்கர அடுக்கு). 11-ஸ்பீடு ஷிமானோ கேசட்டுகளில் 11-28, 11-30, 11-34 மூன்றிலும் 16 பல் சக்கரம் கிடையாது. 15-இலிருந்து நேராக 17. 11-32-இல் 16 உண்டு. குழுவாக 35 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த ஒரு பல்லின் அருமை தெரியும். ஆனால் ஷிமானோவின் 105 ஆர்7000 வரிசையில் இதற்கு நீளக் கூண்டுள்ள ஜி.எஸ். பின் டிரெய்லியர் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) தேவை. குட்டைக் கூண்டு எஸ்.எஸ். 30 பல் வரைதான்.

50/34-இன் உண்மையான குறை, 24 கி.மீ. சுமாரில் எதிர்காற்றில் ஓட்டும்போது எந்த ரிங்கும் சரியாக அமையாதது. பெரியதிலிருந்து சின்னதுக்கு மாற்றினால் கியர் 32 சதவீதம் இறங்கும். உடனே பின்னால் இரண்டு மூன்று கியர் கடினமாக்க வேண்டும். 52/36-இலும் இறக்கம் 31 சதவீதம் என்பதால் அது இதற்குத் தீர்வாகாது.

நான்கு கை ஷிமானோ கிராங்கில் இரண்டு ஜோடியும் பொருந்தும், ரிங் மட்டும் மாற்றலாம். 52-ஐயும் 34-ஐயும் கலக்காதீர்கள்: முன் டிரெய்லியர் தாங்கும் பல் வித்தியாசம் 16, இது 18, செயின் உள்பக்கம் விழும். 50-இலிருந்து 52-க்குப் போனால் முன் டிரெய்லியரை 4 மி.மீ. உயர்த்துங்கள், கூண்டுக்கும் பல்லுக்கும் 1 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். இடது கிராங்க் கையின் இரு போல்ட்டுகளையும் மாறி மாறி 12-14 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். ஒன்றையே முழுதாக முறுக்கினால் மற்றது தளர்ந்துவிடும்.