வீடு திரும்பும் வழியில்: கைப்பேசியா, ஜூம் கேமராவா?

வேலை முடிந்து கடலோரமாக வீடு திரும்பும்போது கிடைப்பது கொஞ்ச நேர வெளிச்சம்தான். அஸ்தமனத்துக்குக் கைப்பேசியே போதும். மேகமும் ஈர மணலும் ஒரே படத்தில் சேர்ந்தே விழும். வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்தால் ஆரஞ்சு நிறம் வெளுக்காது.

பறவை என்றால் கதையே வேறு. கைப்பேசியில் எடுத்தால், உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை வெறும் புள்ளி. நெருங்கினால் பறந்துவிடும், இரை தேடும் பறவையைக் கலைக்க எனக்கு மனசு வராது. கேமராவில் தூரத்தைக் கிட்டக் காட்டும் 400 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தால் தள்ளி நின்றே எடுக்கலாம். பறக்கும் ஆலா என்ற கடற்பறவைக்கு ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/2000 நொடி வைப்பேன். வெயில் சாய்ந்ததும் அதற்கு ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணரும் அளவை, நிறைய ஏற்ற வேண்டியிருக்கும், படம் சொரசொரப்பாகிவிடும். சரி, அப்போது அசையாமல் நிற்கும் கொக்கை நிழலுருவமாக எடுக்கலாம், அது தனி அழகு. அப்புறம், சூரியன் பெரிதாகத் தெரியவும் இந்த லென்ஸ்தான் வேண்டும். பையில் கனம்தான், ஆனாலும் தினமும் இதைத்தான் எடுத்துப் போகிறேன்.